அவன் வந்துட்டுப் போறான்

அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. அந்த ஓரத்துக் கால் ஆடும். நேத்து ஒரு பொம்பள விழப் போனா. கம்ப்ளெயிண்ட் குடுக்க வந்த இடத்துல இடுப்ப ஒடிச்சிக்கிடாதிய.

பாஸ்போர்ட் விஷயமா? அப்பம் பதினோரு மணி ஆவும். ரைட்டர் வரணும். எனக்கும் அவரு வந்தாத்தான் சோலி. நான் கையெழுத்துப் போட வந்தவன். கண்டிஷன் பெயிலு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஊரு வள்ளியூர்ப் பக்கம். அங்கயே இருந்தா சாட்சியக் கலைச்சிருவேன்னு இம்புட்டுத் தூரம் தூக்கிப் போட்டுட்டாவ. ஒரு மாசமா லாட்ஜுல கெடந்து, இந்த பெஞ்சியத் தேச்சிக்கிட்டு இருக்கேன்.

தள்ளி உக்காருங்கன்னா இம்புட்டுத் தூரமா தள்ளுதிய? பயப்படாதிய. கொலக் கேஸ் இல்ல. ஆளு உசுரோடதான் இருக்கான். கை ஒண்ணுதான் சரியா மடங்காதாம்.

போனப் பாத்துக்கிட்டே பேசுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. ஆஸ்பத்திரியில இருந்து எங்க அக்கா கூப்பிடணும். எம்பொண்டாட்டி உலகம்மாளுக்குத் தாடையில எலும்பு விட்டுப்போயி, மேல் பல்லயும் கீழ் பல்லயும் சேத்து கம்பி போட்டுக் கட்டியிருந்தாவ. ஆறு வாரம் வாயே தொறக்கல, கஞ்சித் தண்ணியெல்லாம் ஸ்ட்ராவுலதான். இன்னைக்குக் கம்பி பிரிக்காவ. எஸ்.ஐ. அம்மா நேராவே வந்து வாக்குமூலம் எழுதப் போறாவ. அவ இன்னைக்கு ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும், எங் கேஸ் லேசாயிரும். சொல்லலேன்னா ஏழு வருசமோ எட்டு வருசமோங்காரு வக்கீலு.

முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. எப்பிடியும் பதினோரு மணி ஆவும்.

நான் டாக்ஸி ஓட்டுதேன். டீசல் வண்டி, சொந்த வண்டி. ஸ்டாண்டுல டேர்ன் பிரகாரம்தான் சவாரி எடுக்கணும். எனக்கு அடுத்த டேர்ன் எலியேசருக்கு. எலியேசருதான் அடிபட்டவன். எனக்கு அடுத்த வீடும் அவந்தான். நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மதிலு, அம்புட்டுதான். ஒரு நாளு அவசரம்னு வந்த பார்ட்டிய நான் டேர்ன் இல்லாம ஏத்திட்டுப் போயிட்டேன். ஒரு நாளுன்னா, ஒரு மூணு நாலு தடவ. அதுக்கு எல்லாரு முன்னாலயும் வச்சி, "மாசானம், நீ செய்யிறது நல்லா இல்லடே"ன்னுட்டான். சிரிச்சிக்கிட்டே சொன்னான். சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக் கூட மறந்திருப்பேன் அண்ணாச்சி. சிரிச்சிக்கிட்டுல்லா சொன்னான்!

அடுத்த வாரம் ஆயுத பூச. வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சி, பூசணிக்கா ஒடச்சி, எல்லாம் முறையாச் செஞ்சேன். ஊருல எல்லாரும் வண்டிக்கு முன்னால பொரியப் படைச்சிட்டு எடுத்துருவாவ. நான் எஞ்சினுக்குப் படைக்கிறவன். ஓடுறது எஞ்சின்தானே? பானட்டத் தொறந்து, பேட்டரிக்குப் பக்கத்துல வாழ எல போட்டு, ஒரு படிப் பொரி, கடல, வெல்லம், தேங்கா எல்லாம் வச்சி மூடிட்டேன். ரெண்டு நாளு வண்டிய எடுக்கல, நிம்மதியாச் சாப்பிடட்டும்னு. உலகம்மா, "உள்ள வச்சி மூடாதியங்க, எடுத்துருங்க"ன்னு பின்னாலயே வந்தா. பூச காரியத்துல இவ எதுக்கு வாயக் குடுக்கா? ஒரு அதட்டு அதட்டுனேன். போயிட்டா.

மூணாம் நாளு திருச்செந்தூர் சவாரி. சாவியப் போட்டா செல்ப் நல்லா அடிக்கி, எஞ்சின் பிடிக்க மாட்டேங்கி. பானட்டத் தொறந்து பாத்தா ஒரு பொரி கூட மிச்சம் இல்ல. வண்டி சாப்பிட்டுட்டுன்னு அந்தக் கோவத்துலயும் எனக்கு ஒரு சந்தோசம்.

நான் தெரியாம கை வைக்கிற ஆளு இல்ல. மூணு வருசம் தூத்துக்குடியில லாரிப் பட்டறையில வயரிங் பாத்தவன். பேட்டரியப் பாத்தேன், நல்லாருக்கு. பியூஸப் பாத்தேன், ஒண்ணு போயிருந்துச்சி. புதுசு போட்டுச் சாவியத் திருப்புனா, டப்புனு அதுவும் போயிட்டு. அப்பிடிப் போச்சுன்னா பியூஸக் கொற சொல்லப்படாது அண்ணாச்சி. எங்கியோ ஒரு வயரு தோலு போயி பாடியில தொடுதுன்னு அர்த்தம். நெறைய பேரு அவசரத்துல பெரிய பியூஸாப் போட்டு ஓட்டுவான், வண்டியே எரிஞ்சி போவும். பைய, ஒவ்வொண்ணாத் தேடணும். இந்த வேலைக்குப் பொறுமதான் முதல். அது எனக்கு நெறைய உண்டு.

கரண்டு பாக்குற மீட்டரு எங்கிட்ட இல்ல. மதிலுக்கு மேல எட்டி எலியேசர்ட்ட கேட்டேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காம எடுத்துக் குடுத்தான். பாத்துக்கிடுங்க. அடுத்த வீட்டுக்காரன் காலங்காத்தால மீட்டரு கேட்டா, என்னத்துக்குடேன்னு ஒரு மனுசன் கேக்க மாட்டானா? அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சி.

பேட்டரியக் கழத்தி வச்சிட்டு, ஒவ்வொரு வயரையும் ரெண்டு முனையிலயும் மீட்டரால தொட்டுப் பாத்தேன். பீப்புன்னு சத்தம் வந்தா வயரு முழுசா இருக்கு. வரலேன்னா நடுவுல அந்துருக்கு. பதினோராவது வயருல சத்தம் வரல. மேல சுத்துன டேப்ப உரிச்சா, செம்புக் கம்பி வெளிய தெரியுது. பக்கத்து வயரும் தோலு போயி பாடியில உரசிக்கிட்டு கெடக்கு. வெட்டு நேரா இல்ல அண்ணாச்சி. கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி நறுக்கி எடுத்திருக்கு. ஒரே வெட்டா வெட்டுனா ஆளு வேலன்னு கண்டுபிடிச்சிருவான்லா? எம்புட்டு யோசன பண்ணிச் செஞ்சிருக்கான்!

கெட்டுப்போன இடத்த வெட்டி எறிஞ்சிட்டு, அதே கனத்துல துண்டு வயரு வச்சி, ஈயம் பத்தவச்சி, டேப்பு சுத்தி முடிச்சேன். ஒரே செல்ப்புல பிடிச்சிக்கிட்டு. ஆனா திருச்செந்தூர் பார்ட்டி அதுக்குள்ள கெளம்பிப் போயிட்டாவ. யாரு வண்டியில தெரியுமா? எலியேசர் வண்டியில. அடுத்த டேர்ன் அவந்தானே!

பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். மீட்டர மட்டும் திருப்பிக் குடுக்கல.

செவ்வாக்கெழம மறுபடியும் அதே கத. இந்தத் தடவ நாலு வயரு. வயரு போற வழியெல்லாம் கருஞ்சீரகம் மாதிரி கறுப்பு கறுப்பா என்னத்தயோ தூவி வச்சிருக்கான். கை வச்சதுமே எனக்குப் புல்லரிச்சிட்டு. செய்வின! சர்ச்சுக்குப் போற வேதக்காரன் செய்வின வைப்பானான்னு கேக்காதிய, ஆள வச்சி வைப்பான். அத அள்ளி ஒரு காயிதத்துல மடிச்சி சட்டப் பையில வச்சிக்கிட்டேன், பூசாரிட்ட காட்டணும்னு.

காலையில பத்து மணி இருக்கும். பானட்டுக்குள்ள தல விட்டுக்கிட்டு நிக்கேன். கையில கட்டிங் பிளேயரு. உலகம்மா காப்பி கொண்டாந்தா. டம்ளர மதிலு மேல வச்சிட்டு, எங்காதுகிட்ட வந்து, ரகசியமா, "ஏங்க, அவன் வந்துட்டுப் போறான் போலங்க"ங்கா.

"எவன்?"

"அவந்தாங்க." சொல்லிட்டு மதிலு பக்கமா கண்ணக் காட்டுதா.

நான் தலைய வெளிய எடுத்தேன். "எத்தன நாளாட்டி வாரான்?"

"பூச அன்னையில இருந்தே வாரான். நீங்க சவாரி போனப் பொறவு அடுப்பங்கர வரைக்கும் வந்துட்டான். ஆளப் பாத்தாக்கூட பயம் இல்ல, நின்னு பாக்கான். உங்ககிட்ட சொன்னாக் கோவப்படுவியளேன்னுதான் சொல்லல. சோத்துல மருந்து வச்சி முடிச்சிருவோம்ங்க."

கேட்டியளா அண்ணாச்சி? மருந்து வச்சி முடிக்கிற அளவுக்கு ஒருத்தன் எம்வீட்டு அடுப்பங்கரையில நிக்கான், எனக்குத் தெரியல. "பேரச் சொல்லுட்டி"ன்னேன்.

"ஐயய்ய, பேரச் சொல்லப்படாதுங்க. காதுல விழுந்துரும்"ன்னா. சொல்லிட்டுச் சிரிக்கா. வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கா அண்ணாச்சி!

நான் பொம்பள மேல கை நீட்டுற ஆளு இல்ல. எப்பமாச்சும்தான். அன்னைக்கு ஒண்ணு விட்டேன். மதிலுல போயி மோதுனா. காப்பி டம்ளரு கீழ விழுந்துச்சி. "பேரச் சொல்லு." என்னத்துக்கு அடிக்கேன்னே தெரியாத மாதிரி முழிக்கா. ரெண்டாவது விட்டேன். "பேரு! பேரு!" அப்பந்தான் சொன்னா. அழுதுக்கிட்டே சொன்னா.

"எலி..."

அம்புட்டுதான். மிச்சத்த நான் சொல்ல விடல. பிளேயரு கையோட மூணாவது விழுந்துட்டு, இந்தா, காதுக்குக் கீழ, இந்த இடத்துல. பிளாஸ்டிக் கிளிப்பு ஒடியுத மாதிரி ஒரு சத்தம். அப்பிடியே உக்காந்துட்டா. எலியேசர்ல முதல் ரெண்டு எழுத்து போதாதா எனக்கு? முழுப் பேரும் வேணுமா?

மதிலத் தாண்டிக் குதிச்சேன். அவன் கீழ குத்தவச்சி டயரு மாத்திக்கிட்டு இருந்தான். அவன் வீல் ஸ்பேனரு அவன் பக்கத்துலயே கெடந்துச்சி, எடுத்துட்டேன். முதல் அடிக்குக் கையத் தூக்கி மறிச்சான். கை அப்பிடியே தொங்கிட்டு. ரெண்டாவது தோள்பட்டையில. மூணாவது தலையில, தோலு பிளந்து கண்ணுக்குள்ள ரத்தம் எறங்குது. நான் நிறுத்தல. எத்தன அடின்னு எனக்கே நெனவு இல்ல, எப்.ஐ.ஆர்.ல ஏழுன்னு போட்டிருக்கான். அவன் பொண்டாட்டி கிரேஸு ஓடியாந்து அவன் மேல குப்புற விழுந்து மறிச்சா. பொம்பளைய அடிக்க மனசு வரல. விட்டுட்டேன்.

கீழ கெடந்துக்கிட்டு அவன் கேக்கான், "மாசானம், மீட்டருக்காடே? நான் அதத் திருப்பிக் கேக்கவே இல்லியேடே"ங்கான்.

நடிப்பு! ரத்தம் ஒழுவுறப்பவும் நடிப்பு.

திரும்பி வந்தா உலகம்மா அதே எடத்துல தாடையப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. வாயி ஒரு பக்கமா கோணிட்டு. தெருவே கூடிட்டு. எவனோ ஆட்டோ கூப்பிடுதேன்னான். "எம்பொண்டாட்டி எவன் வண்டியிலயும் ஏற மாட்டா, எவனும் கிட்ட வராத"ன்னு ஸ்பேனரக் காட்டுனேன். ஒரு பய நெருங்கல. மறுபடியும் பானட்டுக்குள்ள தலைய விட்டேன். நாலு வயரு அண்ணாச்சி. ஒவ்வொண்ணா வெட்டி, துண்டு வச்சி, ஈயம் பத்தவச்சி, மீட்டரால தொட்டுப் பாத்து, டேப்பு சுத்தி. ஒண்ணர மணி நேரம். அவசரத்துல அர கொறயாச் செஞ்சா நடு ரோட்டுல நின்னுரும்லா? எச்சிலும் ரத்தமுமா அவ சேலையில வழியுது. அன்னைக்கு நான் செஞ்ச ஜாயிண்டு இன்னைக்கும் எங்க ஊரு ஸ்டேஷன்ல பிடிச்சி நிறுத்தியிருக்கிற வண்டியில இருக்கு. போயிப் பாருங்க, கம்பெனி வேல தோத்துரும்.

பேட்டரியக் கழத்துனப்ப அதுக்கு அடியில ஒரு கூடு கெடந்துச்சி. பஞ்சு, வாழ எலச் சருகு, உலகம்மா சேலக் கிழிசல், கொஞ்சம் பொரி. அதுக்குள்ள நாலு எலிக்குஞ்சு, கண்ணு கூடத் தொறக்கல. வெளிய எடுத்துப் போட்டு மிதிச்சேன். உலகம்மா பாத்துக்கிட்டே இருந்தா. அந்தக் கூட்டயும் பாத்தா, என்னயும் பாத்தா.

என்ன அண்ணாச்சி அப்பிடிப் பாக்கிய? எலி இருந்துச்சி. இல்லங்கல. எலி இருந்தா எலிதான் கடிக்கணுமா? அது எங்கியோ கெடந்து குடித்தனம் பண்ணுது, வயர வெட்டுனவன் வெட்டுனவன்தானே! வக்கீலும் இப்பிடித்தான் முழிச்சாரு. கூட்டப் பத்தி எங்கயும் வாயத் தொறக்காதன்னுட்டாரு.

எவ் வண்டியிலயே அவள ஏத்திட்டுப் போயி, ஆஸ்பத்திரியில, பானட் மூடி முகத்துல விழுந்துட்டுன்னு எழுதிக் குடுத்தேன். அங்கயே வந்து என்னயப் பிடிச்சிட்டாவ. எலியேசரையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்திருந்தாவ. எம்மேல கேஸு அவன அடிச்சதுக்கு மட்டுந்தான். வக்கீலு சொன்னாரு, "உம் பொண்டாட்டி, எலியேசர் எங்க வீட்டுக்குள்ள வந்தான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், மானத்துக்காக ஆத்திரத்துல அடிச்சதா வாதாடலாம்"ன்னு. அதுக்குள்ள எங்க மாமியா கெழவி குறுக்க வந்து ஒரு கத வுடுதா. அவங்க ஊரு கடையத்துல எலின்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாவளாம். சொன்னா அது காதுல விழுந்துரும், பொறவு மருந்து வச்சாத் திங்காதாம். அதனால "அவன் வந்தான், அவன் போனான்"னுதான் சொல்லுவாவளாம். எம்மவ சொன்ன "அவன்" எலிதான்யான்னு ஸ்டேஷன்ல போயி ஒப்பாரி வச்சிருக்கா. பதினாலு வருசம் குடித்தனம் பண்ணிருக்கேன், எனக்குத் தெரியாத வழக்கமா? எம்வீட்டுல அதுக்கு முன்ன எலியே வந்ததில்ல, அது வேற விஷயம்.

அப்பிடியே வச்சிக்கிடுவோம். எலின்னா எலின்னு தெளிவாச் சொல்லியிருக்கணும்லா? ஒருத்தன் மூணு தடவ கேக்கான். மூணு தடவ! இழுத்து இழுத்துச் சொன்னா யாரு தப்பு?

ஆனா உலகம்மா கெட்டிக்காரி. எஸ்.ஐ. அம்மா காயிதமும் பேனாவும் குடுத்து, வாயிதான் கட்டியிருக்கு, எழுதிக் குடுன்னாவளாம். இவ என்ன எழுதியிருக்கா தெரியுமா? "கம்பி பிரிச்ச பொறவு வாயால சொல்லுதேன்." அம்புட்டுதான். அக்கா சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எழுதிக் குடுத்தா எவனாச்சும் மாத்திருவான், புருசன் மாட்டிக்கிடுவான்னு யோசிச்சிருக்கா. ஆறு வாரம் அந்த வார்த்தைய வாய்க்குள்ளயே வச்சிருக்கா அண்ணாச்சி. என்னய விட்டுக் குடுக்க மாட்டா. அடிச்சாலும் புருசன்லா?

இருங்க, அக்காதான்.

ஹலோ. சொல்லு. பிரிச்சாச்சா? பேச முடியுதா? சரி. எலியேசரப் பத்திக் கேட்டாவளா? என்ன சொன்னா? ஏன், அதுக்குப் பதிலே சொல்லலியா? பொறவு என்னத்தச் சொன்னா? என்னது? சரியாச் சொல்லுக்கா. இன்னொருக்கச் சொல்லு. சரி. வையி. அழாத, வையி.

ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தண்ணி இருக்கா?

எஸ்.ஐ. அம்மா, எலியேசர் உங்க வீட்டுக்குள்ள வந்தாரான்னு கேட்டிருக்காவ. அது கெடக்கட்டும், முதல்ல என் தாடைய எழுதிக்கிடுங்கன்னாளாம். பானட் மூடி விழுந்ததுன்னுல்லா போட்டிருக்குன்னு அவங்க கேட்டதுக்கு, மூடி விழல, அடிச்சதுன்னாளாம். யாரு அடிச்சதுன்னு கேட்டிருக்காவ. பேரச் சொல்லிட்டா.

எம்பேர, அண்ணாச்சி. எம்பேர அவ வாயால நான் கேட்டதே இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட அட்டையில வெரல வச்சிக் காட்டுவா. கோயில்ல அர்ச்சனைக்கு நட்சத்திரத்தச் சொல்லிட்டு, பேரு சொல்ல, பக்கத்துல நிக்கிறவளப் பாப்பா. ஒரு தடவ பேங்குல கேட்டதுக்கு மொகம் செவந்துபோயி, எங்க அக்காவக் கூட்டிட்டு வாரேன்னு திரும்பி வந்தவ அவ. இன்னைக்கு அம்புட்டு பேரு கூடி நிக்கிற வார்டுல, தாடைய முழுசா அசைக்கக் கூட முடியலியாம், அப்பிடி இருந்தும் நிறுத்தி நிறுத்தி, "பலவேசம் மகன் மாசானமுத்து"ன்னு சொல்லியிருக்கா. எழுதுறவங்க பேரத் தப்பா எழுதிட்டாவன்னு, அத அடிக்கச் சொல்லி, இன்னொருக்க எழுத்து எழுத்தாச் சொன்னாளாம்.

அடிச்சதச் சொல்லட்டும். வேண்டாங்கல. கட்டுன புருசன் பேர ஒரு பொம்பள அப்பிடி நாலு பேரு முன்னால சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லலாமா?